மோட்டாரில் ஒரு சித்திரகுப்தன்

யமதர்மராஜனுடைய சபையில் சித்திரகுப்தன் என்று ஒரு கணக்கர் இருக்கிறார் என்பதும், நாம் செய்யும் நன்மை தீமைகளை அவர் ஒன்று விடாமல் ஏட்டில் எழுதி வருகிறார் என்பதும் நம் பாட்டிமார் சொல்லி நமக்குத் தெரிந்த விஷயங்கள். காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. அவருடைய ஏட்டைப் படிக்க இந்த ஜன்மத்தில் நமக்கு வாய்ப்பதில்லை. படிக்கப்படும் சமயம் வரும்போதோ, மறுத்துப் பேச வழி இருப்பதில்லை.

அந்தச் சித்திரகுப்தருக்கு இப்போது பூலோகத்தில் ஒரு தம்பி பிறந்திருக்கிறார். மிச்சம் பிடித்தும் பாங்கியில் கடன் வாங்கியும் நம்மவர்கள் வாங்குகிற மோட்டார் வண்டியில், முன் ஆசனங்களுக்கு நடுவே, தரையோடு திருகி வைத்திருக்கும் ஒரு சிறு பெட்டிக்குள் அவர் வாசம் செய்கிறார். வண்டி எதன்மீதாவது மோதினால், மோதுவதற்கு முன் எத்தனை வேகத்தில் வந்தோம், பிரேக்கை மிதித்தோமா இல்லையா, ஆசனப் பட்டையை மாட்டியிருந்தோமா என்பதையெல்லாம் எழுதி வைத்து விடுகிறார். 'ஈவெண்ட் டேட்டா ரெக்கார்டர்' என்று கம்பெனிக்காரர்கள் அழைக்கும் இவரை, நிகழ்ச்சிப் பதிவுக் கருவி என்று நாம் தமிழில் சொல்லலாம். இவருடைய ஏட்டை இந்த ஜன்மத்திலேயே படிக்கலாம். படிப்பவர் யார் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

நெய்வேலி நகரியத்தில் வசிப்பவர்களுக்கு இந்த விஷயத்தை விளக்குவது வெகு சுலபம். சுரங்கமானாலும் அனல் மின் நிலையமானாலும் இங்கே வேலை இரவு பகலாக ஷிப்டு முறையில் நடக்கிறது. ஒரு ஷிப்டு இறங்கி மறு ஷிப்டு ஏறும்போது கைமாறுவது லாக் புத்தகம். எந்த மணிக்கு எந்த யந்திரம் நின்றது, அழுத்தம் எவ்வளவு, உஷ்ணம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். கோளாறு நேர்ந்தால் முதலில் புரட்டிப் பார்ப்பதும் அதையேதான். அந்தப் புத்தகம் மேஜைமேல் கிடக்கிறது. எழுதியவரும் படிக்கலாம், அடுத்து வருகிறவரும் படிக்கலாம். மோட்டாரில் இருப்பதும் ஒரு லாக் புத்தகந்தான். ஆனால் புத்தகம் நம் வீட்டு வாசலில் நிற்க, அதன் பூட்டுச் சாவி மட்டும் வேறொருவர் கையில் இருக்கிறது. வாரண்டி என்னும் உத்தரவாதத்தைக் கேட்டு நாம் போய் நிற்கும்போது, அந்த வேறொருவரே நமக்கு எதிர்க்கட்சியாகவும் இருக்கிறார்!

பெட்டி பிறந்த கதை

ஆகாய விமானத்தில் 'கறுப்புப் பெட்டி' இருப்பது குழந்தைகளுக்கும் தெரியும். 1950-களில் மெல்போர்ன் நகரில் டேவிட் வாரன் என்னும் ஆஸ்திரேலிய விஞ்ஞானி, விமானியின் பேச்சையும் கருவிகளின் அளவுகளையும் சேர்த்துப் பதியும் கருவியை அமைத்தார். விபத்துக்குப் பிறகு தேடுகிறவர்களின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக ஆரஞ்சு வர்ணம் பூசியிருந்தும், பெயர் என்னவோ கறுப்புப் பெட்டியாகவே நிலைத்து விட்டது.

மோட்டாரில் வந்த பெட்டி இதற்காகவென்றே பிறந்ததல்ல. அது காற்றுப்பையின் உபவிளைவு. மோதல் நிகழும்போது, பையை விரிக்கலாமா வேண்டாமா என்பதைக் கண் சிமிட்டும் நேரத்துக்குள் தீர்மானிக்க ஒரு சிறு கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. தீர்மானித்ததைக் குறித்தும் வைத்தால் நல்லதல்லவா என்று எஞ்சினீயர்கள் நினைத்தார்கள். 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் வண்டிகளில் இந்தக் குறிப்பைச் சேர்த்தது. பிறகு மற்றவர்களும் பின்பற்றினார்கள்.

2006-இல் அமெரிக்க சர்க்கார் இதற்கு ஒரு விதி வகுத்தார்கள். 2012 செப்டம்பர் முதல் தேதிக்குப் பின் செய்யப்படும் வண்டிகளில் இந்தக் கருவி இருந்தே ஆகவேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை. இருக்குமானால், குறைந்தது 15 விவரங்களைப் பதிய வேண்டும். மோதலுக்கு முந்திய 5 விநாடிகளின் வேகமும் பிரேக்கும் அவற்றில் அடங்க வேண்டும். பதிவைப் படிக்கும் சாதனம் விலைக்குக் கிடைக்கும்படி கம்பெனி ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. அந்த 5 விநாடியை 20 விநாடியாக நீட்டி 2024 டிசம்பரில் மற்றொரு விதி வெளியாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கண்டிப்பாக இருந்தது. 2022 ஜூலையிலிருந்து புதிய மாதிரிகளிலும், 2024 ஜூலையிலிருந்து புதிதாக விற்கும் கார்கள் எல்லாவற்றிலும் கருவி இருக்க வேண்டும் என்று சட்டம் செய்துவிட்டது.

நம் நாட்டில் 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. 2021 ஏப்ரல் முதல் புதிய மாதிரிகளில் பக்கத்து ஆசனக்காரருக்கும் கட்டாயமாயிற்று. பை வந்த இடத்தில் பையை ஆளும் பெட்டியும் வந்துதானே தீரவேண்டும்? அந்தப் பெட்டிகளில் பல, கணக்கு எழுதுகிறவை. வண்டியோடு கொடுக்கும் கையேட்டின் ஏதோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் அதைக் குறிப்பிட்டும் இருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று வகுப்பில் கேட்பதுபோல் கேட்டால், எத்தனை கை எழும்பும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

எழுதுவதும் எழுதாததும்

வீண் பயமும் வேண்டாம். இந்தப் பெட்டி நம் பேச்சை ஒட்டுக் கேட்பதில்லை. நாம் எந்த ஊருக்குப் போனோம் என்றும் குறிப்பதில்லை. அமெரிக்க விதிப்படி, 150 மில்லி விநாடிக்குள் வண்டியின் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர் மாறுமளவுக்காவது ஓர் அடி விழுந்தால்தான் அது பதிய ஆரம்பிக்க வேண்டும். அதுவரையில், சிலேட்டில் எழுதி எழுதி அழிக்கும் பிள்ளையைப்போல, கடைசிச் சில விநாடிகளை மாத்திரம் எழுதி அழித்துக் கொண்டிருக்கும்.

காற்றுப்பை விரிந்துவிட்டால் எழுத்து அழியாமல் பூட்டப்படுகிறது. பை விரியாத மோதலாக இருந்தால், அந்தப் பதிவு பின்னால் அழிந்து போகக்கூடும். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய பெட்டிகளில், விரியாத மோதலின் குறிப்பு 250 தடவை வண்டியைக் கிளப்பியதும் மறைந்துவிடும். 'பை ஏன் விரியவில்லை?' என்று கேட்கிறவனுக்குத்தான் சாட்சி மிகவும் அவசியம். அவனுடைய சாட்சிக்குத்தான் ஆயுள் குறைவு!

இந்தப் பெட்டியைத் தவிர இன்னொரு கணக்கரும் வண்டியில் உண்டு. எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர்தான் அவர். முன்னவர் மோதலுக்கு மட்டும் பேனாவை எடுப்பவர். இவர் அன்றாடக் கணக்கர். எஞ்சின் அதிகமாகச் சூடேறியதா, எந்தக் கோளாறு எத்தனையாவது கிலோமீட்டரில் தலைகாட்டியது என்பன போன்ற குறிப்புகளைப் பல வண்டிகளில் இவர் வைத்திருக்கிறார். வாரண்டி கேட்டு வண்டியைக் கொண்டு விட்டதும், பட்டறைக்காரர் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கம்பியைச் செருகிப் பார்ப்பது பெரும்பாலும் இவருடைய ஏட்டைத்தான்.

இரு பக்கமும் கூர்

சாட்சி என்றால் உண்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சொல்ல வேண்டும். இந்தச் சாட்சி பெரிய மனிதர்களையும் விட்டுவைத்ததில்லை. 2011 நவம்பரில் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்து உதவிக் கவர்னர் டிம் மர்ரே ஓட்டிய சர்க்கார் வண்டி விபத்துக்குள்ளாயிற்று. தாம் வேக வரம்பை மீறவில்லை என்றும் பட்டையை அணிந்திருந்ததாகவும் அவர் சொன்னார். பெட்டியைத் திறந்து படித்தபோது வேகம் மணிக்கு 108 மைல், அதாவது சுமார் 174 கிலோமீட்டர் என்றும், பட்டை மாட்டப்படவில்லை என்றும் எழுதியிருந்தது.

கம்பெனிகளுக்கும் இது கேடயமாக உதவியிருக்கிறது. 2009, 2010-ஆம் ஆண்டுகளில், டொயோட்டா வண்டிகள் தாமாகவே பாய்கின்றன என்று அமெரிக்காவில் பெருங் கூச்சல் எழுந்தது. மிதியடியும் மிதிக்கட்டையும் சிக்கிக் கொள்ளும் குறைகளுக்காக லட்சக்கணக்கான வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. ஆனால் அந்நாட்டுச் சர்க்கார் 58 வண்டிகளின் பெட்டிகளைப் படித்தபோது, அவற்றில் 35-இல் பிரேக் மிதிக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. பிரேக் என்று நினைத்து வேக மிதியை அழுத்தியவர்கள் அநேகர். பொய் சொன்னார்கள் என்று சொல்வதற்கில்லை; பதற்றத்தில் மனித ஞாபகம் அப்படித்தான் வேலை செய்கிறது.

அதே டொயோட்டா விவகாரத்தில் மற்றொரு செய்தியும் வெளியாயிற்று. 2010-இன் தொடக்கம்வரை, அக்கம்பெனியின் பெட்டியைப் படிக்கவல்ல கம்ப்யூட்டர் அமெரிக்கா முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான் இருந்ததாம்! அதுவும் கம்பெனியின் வசம். இத்தனை பெரிய தேசத்தில் ஒரே ஒருவருக்குப் புரியும் பாஷையில் சாட்சி சொன்னால், அவர் சொல்வதுதானே மொழிபெயர்ப்பு?

வாரண்டியையே நேராகத் தொட்ட வழக்கமும் உண்டு. ஜப்பானின் நிஸ்ஸான் கம்பெனி செய்த ஜி.டி.ஆர். என்ற அதிவேக வண்டியில், ஓட்டும் விதத்தைக் குறிக்கும் பதிவுக் கருவி வைத்திருந்தார்கள். சறுக்காமல் காக்கும் ஏற்பாட்டை அணைத்துவிட்டு ஓட்டினால், அதனால் உண்டாகும் சேதத்துக்கு வாரண்டி இல்லை என்பது நிபந்தனை. கியர்ப்பெட்டி உடைந்து வந்த சிலரிடம், கருவியின் குறிப்பைக் காட்டிக் கையை விரித்தார்கள். நிபந்தனை எழுத்தில் இருந்தது. மீறியதும் எழுத்தில் இருந்தது. அதை நாம் அநியாயம் என்று சொல்லவில்லை. பொய்க் கோரிக்கைகளுக்கெல்லாம் கம்பெனி பணம் கொடுத்தால், அந்தச் செலவு அடுத்து வாங்குகிறவர்களின் தலையில்தான் விடியும்.

நம் நாட்டு வழக்குகள்

இனி நம் தேசத்துக்கு வருவோம். 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி, டாட்டா ஸ்தாபனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, மகாராஷ்டிரத்தில் பால்கர் ஜில்லாவில் சூரியா நதிப் பாலத்தருகே கார் விபத்தில் மாண்டார். வண்டி மெர்ஸிடிஸ் பென்ஸ். அதன் பதிவைப் படித்துக் கம்பெனி போலீஸாருக்கு அறிக்கை கொடுத்தது: மோதலுக்கு 5 விநாடி முன்பு வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர், பிரேக் மிதிக்கப்பட்டது, மோதும்போது வேகம் 89 கிலோமீட்டர். பதிவைப் படிப்பதற்காக அதை ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டியிருந்தது என்று அப்போது பத்திரிகைகளில் படித்தோம். விபத்து நம் மண்ணில். விசாரிப்பவர் நம் போலீஸார். ஆனால் சாட்சியின் வாக்குமூலம் கடல் கடந்து போய்த்தான் வரவேண்டியிருந்தது. சுதந்திர நாட்டுப் பிரஜைகள் இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

வாரண்டி விஷயத்தில் நமக்கெல்லாம் வழிகாட்டியாக இருப்பது அதே ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு. நம் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை நடத்தும் ஹூண்டாய் கம்பெனி அதில் மேல்முறையீடு செய்த கட்சி. 2015-இல் ஒருவர் கிரெட்டா வண்டி வாங்கினார். 2017 நவம்பரில் டில்லி–பானிபட் சாலையில் விபத்து. தலையிலும் மார்பிலும் பற்களிலும் அவருக்குக் காயம். காற்றுப்பைகள் விரியவில்லை. பை விரிவதற்கு வேண்டிய பலத்தோடு முன்புறத்தில் அடி விழவில்லை என்பது கம்பெனியின் வாதம். அதாவது, பெட்டி எதை அளக்கிறதோ அதையே கம்பெனி சொல்லிற்று.

நீதிபதிகள் வினீத் சரண், அனிருத்த போஸ் இருவரும் அதை ஏற்கவில்லை. வண்டி வாங்குகிறவர் வேகத்தையும் விசையையும் வைத்து மோதலின் பலத்தைக் கணக்கிடும் பௌதிக சாஸ்திர நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்றார்கள். பாதுகாப்பு உண்டு என்ற சொல்லை நம்பித்தான் அவர் வாங்கினார். வண்டிக்கு நேர்ந்த சேதமோ கண்முன் இருக்கிறது. ஆகவே, காயத்துக்கும் வருமான நஷ்டத்துக்கும் 2 லட்சம், மனவேதனைக்கு 50 ஆயிரம், வழக்குச் செலவுக்கு 50 ஆயிரம், ஆக 3 லட்சம் ரூபாயும், பழைய வண்டிக்குப் பதில் வேறு வண்டியும் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு நிலைத்தது. கணக்குப் போடத் தெரியாதவனுக்கும் நியாயம் உண்டு என்று சொன்ன அந்தத் தீர்ப்பு, கணக்கு வாத்தியார்களான நமக்குக்கூட மகிழ்ச்சி அளித்தது!

பதினான்கு கிலோமீட்டர்

எல்லோரும் சுப்ரீம் கோர்ட்டு வரை போக முடியாது, போகவும் வேண்டியதில்லை. நம் வட்டத்திலேயே, நாலு வீடு தள்ளி வசிக்கும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். சேமநிதிப் பணத்தில் வாங்கிய வண்டி. வாரண்டியையும் பணம் கட்டி நீட்டித்திருந்தார். மூன்றாம் வருஷத்தில் எஞ்சின் சூடேறிப் பழுதாயிற்று. "குளிர்விக்கும் நீர் இல்லாமல் ரொம்ப நாள் ஓட்டியிருக்கிறீர்கள் ஸார், வாரண்டி கிடையாது" என்று பட்டறையில் சொன்னார்கள். ரிப்பேர்ச் செலவு அவருடைய நாலு மாதப் பென்ஷன்.

"நான் அப்படி ஓட்டவில்லையே, தம்பி!" என்றார் அவர்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா ஸார்?" என்று பதில் வந்தது.

பெரியவர் சண்டை போடவில்லை. "பொய் சொல்லாது. அது சொன்னதை அப்படியே காகிதத்தில் அடித்துக் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு முறை நினைவூட்டியபின் இரண்டு பக்கங்கள் வந்தன. எஞ்சின் முதன்முதலாகச் சூடேறியது 31,412-ஆவது கிலோமீட்டரில் என்று அதில் இருந்தது. பெரியவர் வீட்டுக்குப் போய், ஆணியில் கோத்து வைத்திருந்த ரசீதுகளைப் புரட்டினார். அதே பட்டறையில் சர்வீஸ் முடித்து வண்டியைத் திருப்பித் தந்த ரசீதில் இருந்த எண் 31,398. கழித்துப் பார்க்க நாலாம் வகுப்புக் கணிதம் போதும். பட்டறையை விட்டுப் புறப்பட்டு 14 கிலோமீட்டர். நெய்வேலி ஆர்ச்சு கண்ணில் படுவதற்கு முன்பே எஞ்சின் சூடேறியிருக்கிறது! 'ரொம்ப நாள்' எங்கே போயிற்று? வழக்கில்லாமலே சாமான்களின் விலையைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. கூலியைப் பெரியவர் கொடுத்தார். அவருக்கு எதிராகக் கூண்டில் ஏற்றிய சாட்சிதான் கடைசியில் அவருக்காகப் பேசியது. முழு வாக்குமூலத்தையும் அவர் கேட்டு வாங்கிப் படித்ததே காரணம்.

நேயர்கள் செய்யத்தக்கவை

இதிலிருந்து குடும்பஸ்தர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. விபத்தில் காற்றுப்பை விரியாமல் போனால், வண்டியைத் திரும்பத் திரும்பக் கிளப்பிப் பார்க்காதீர்கள், பதிவு அழியக்கூடும். நாலு பக்கமும் படம் எடுத்துக் கொள்ளுங்கள். வாரண்டி இல்லை என்று சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். எந்தப் பதிவை ஆதாரமாகச் சொல்கிறார்களோ அதன் முழுப் பிரதியையும் கேளுங்கள். கிலோமீட்டர் எண் உள்ள சர்வீஸ் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். வண்டியின் முகப்பில் இரும்புக் கம்பிச் சட்டம் மாட்டுவது அழகுக்கும் ஆகாது, ஆபத்துக்கும் உதவாது. மோதலின் விசையை அது மாற்றிவிடுவதால் பெட்டி ஏமாறக்கூடும். இத்தகைய சட்டங்களின்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சர்க்கார் 2017 டிசம்பரிலேயே ராஜ்யங்களுக்கு எழுதியிருக்கிறார்கள்.

பேச்சு பலிக்காவிட்டால், 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அச்சட்டப்படி நாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே மனுப் போடலாம். நெய்வேலி வாசிகள் கம்பெனியின் தலைமைக் காரியாலயத்தைத் தேடிச் செல்ல வேண்டாம். கடலூர் ஜில்லா ஆணையம் போதும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகள் ஜில்லா ஆணையத்துக்குரியவை. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. தகராறு எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பரிசோதித்தாலன்றிக் குறை தெரியாது என்றால், பொருளைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

சர்க்கார் செய்யத்தக்கதும் உண்டு. பெட்டியில் உள்ள பதிவு வண்டிச் சொந்தக்காரருக்கு அல்லது வாடகைக்கு எடுத்தவருக்கே உரியது என்று அமெரிக்கா 2015-இல் சட்டம் செய்தது. நாம் 2023-இல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியிருக்கிறோம். மோட்டார்ப் பெட்டியைப் பற்றி அதில் தனி வாசகம் இல்லை. பதிவு வண்டிக்காரருடையது என்றும், அதை ஆதாரமாகக் காட்டுகிறவர் பிரதி கொடுத்தே தீரவேண்டும் என்றும் நம் பார்லிமெண்டு ஒரு வரி எழுதினால் போதும். படிக்கும் சாதனங்களை ஒரகடத்திலுள்ள மோட்டார் ஆராய்ச்சி நிலையம் போன்ற பொது ஸ்தாபனங்களிலும் வைக்க வேண்டும். கட்சிக்காரரே மொழிபெயர்ப்பாளராகவும் இருப்பது அப்போது நீங்கும்.

ஆசிரியத் தொழில் செய்கிற நாம் இதில் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் பரீட்சை விடைத்தாள் திருத்துகிறவரோடு முடிந்துவிடும். பிள்ளைக்கு வருவது மார்க்கு மட்டும். தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை பரீட்சை எழுதியவனுக்கு உண்டு என்று 2011-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. அதனால் பரீட்சையின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. திருத்துகிறவர்களின் கவனம் கூடியது. நாங்களே சாட்சி. மோட்டார்ப் பெட்டியில் இருப்பதும் நம் கையால், நம் காலால், நாம் எழுதிய விடைத்தாள்தான். தோற்றாலும் ஜயித்தாலும், மார்க்குப் போட்ட பிறகு அதை நம்மிடம் காட்டட்டும்.